பெரிய கோயிலை விட 44 அடி உயரம்

நேயர்களுக்கு வணக்கம்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் 216 அடி. 'பசிபிக் ரிம்' படத்தில் வரும் ஜிப்சி டேஞ்சர் என்ற ராட்சத ரோபோவின் உயரம் 260 அடி. 2013இல் தஞ்சாவூரில் அந்தப் படத்தைப் பார்த்த மறுநாள் காலை, கோயில் புல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கலசத்துக்கு மேலே இன்னும் 44 அடியை மனத்தில் அடுக்கினேன். கழுத்து வலித்தது. இரவு நான் பார்த்தது எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் பிடிபட்டது.

பசிபிக் கடலடியில் ஒரு பிளவு. அதன் வழியாகக் 'கைஜு' என்னும் ராட்சத விலங்குகள் வருகின்றன. அவற்றோடு மோத மனிதர்கள் 'யேகர்' என்னும் ரோபோக்களைச் செய்கிறார்கள். கதை இவ்வளவுதான். இயக்குநர் மெக்சிகோவைச் சேர்ந்த கில்லெர்மோ டெல் டோரோ. புயல்களுக்கு எண் கொடுப்பது போலவே கைஜுகளுக்கும் வகை எண் உண்டு. "வகை நான்கு" என்று திரையில் அறிவித்தபோது, நாகைத் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு என் கண்முன் வந்தது. 2004 டிசம்பரைக் கண்ட கரையில் பிறந்தவன் நான். கடலிலிருந்து ஒன்று எழுந்து ஊருக்குள் வருவது எனக்கு வெறும் கற்பனை இல்லை.

சண்டைக் காட்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது எடை. தொடையளவு கடலில், கொட்டும் மழையில், ஒவ்வொரு அடியும் நிதானமாக விழுகிறது. ஹாங்காங் தெருவில் ஒரு கப்பலையே தடிபோல இழுத்து வருகிறது ஜிப்சி. குறி தவறிய அதன் முஷ்டி, ஓர் அலுவலகக் கட்டடத்துக்குள் மேசைகளைத் தள்ளிக்கொண்டு போய், கடைசியில் ஒரு மேசை மீதிருக்கும் ஊசல் குண்டுகளை மெல்லத் தொட்டு நிற்கிறது. குண்டுகள் டக் டக்கென ஆடுகின்றன. அந்த ஒரு நொடிக்காகவே அந்தக் கலைஞர்களைக் கும்பிடலாம்.

கதை மெலிது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு யேகரை இயக்க இரண்டு பேர் வேண்டும். இருவரின் நினைவுகளும் ஒன்றாகக் கலக்க வேண்டும். என் தாத்தாவும் அவர் தம்பியும் இறைகூடை போட்டவர்கள். எதிரெதிரே நின்று, கயிறு பிடித்து, வாய்க்காலில் கூடையை முக்கி, ஒரே மூச்சில் பின்னால் சாய்ந்து வரப்புக்கு மேலே வீசுவார்கள். ஒருவர் கை கொஞ்சம் பிந்தினாலும் தண்ணீர் வாய்க்காலிலேயே கொட்டிவிடும். தம்பி இறந்த பிறகு தாத்தா வேறு யாரோடும் இறைக்கவில்லை. கூடை விட்டத்தில் தொங்கியது. படத்தில் தன்னோடு யேகரை இயக்கிய அண்ணனைப் பறிகொடுத்த நாயகன் ராலி, ஐந்து ஆண்டுகள் யேகர் பக்கமே போகாமல் சுவர் கட்டும் வேலையில் கிடக்கிறான். எனக்கு அவனைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

பிறகு, ராலியோடு சேர்ந்து யேகரை இயக்கும் மாகோ என்ற பெண்ணின் சிறுவயது நினைவு திரையில் வருகிறது. சாம்பல் பொழியும் டோக்கியோ தெருவில், சிவப்புக் காலணி ஒன்றைக் கையில் பிடித்தபடி ஒரு சிறுமி அழுதுகொண்டே நடக்கிறாள். சுனாமிக்குப் பின் எங்கள் மணலில் கிடந்த ஒற்றைச் செருப்புகளைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை அசையாமல்தான் பார்த்திருப்பார்கள்.

முடிவில் ரே ஹாரிஹாசனுக்கும் இஷிரோ ஹோண்டாவுக்கும் படத்தைக் காணிக்கையாக்கியிருக்கிறார்கள். ஹாரிஹாசன், பொம்மை விலங்குகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்துத் திரையில் உயிர் கொடுத்தவர். ஹோண்டா, 1954இல் காட்சில்லாவைக் கடலிலிருந்து எழுப்பியவர். கூட்டம் எழுந்து கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த நண்பனின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். இரண்டு பெயர்களையும் படித்துவிட்டுத்தான் எழுந்தோம்.