சுகர் இருக்கறவங்க டயட் கோலா குடிக்கலாமா? புற்றுநோய் வருமா? உங்க கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி, சேலத்துலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர், இன்சுலின் போடறாரு. தினமும் சாயங்காலம் ஒரு டயட் கோலா குடிக்கிறாரு. அது கேன்சரைக் கொண்டுவரும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நிறுத்தச் சொல்லலாமா சார்?"

முதல்ல அந்த கேன்சர் பயத்தைப் பேசிடுவோம்மா. 2023 ஜூலைல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, டயட் கோலாவுல சர்க்கரைக்குப் பதிலா இனிப்புக்குச் சேர்க்கிற அஸ்பார்டேமை 2பி பட்டியல்ல சேர்த்தாங்க. உங்களுக்கு வந்த செய்தி அதுலேர்ந்துதான் கிளம்பியிருக்கும். 2பி-ன்னா, "வரலாம், ஆனா ஆதாரம் பலமா இல்ல"ன்னு அர்த்தம். எவ்வளவு ஆபத்துன்னு அந்தப் பட்டியல் சொல்லாது, ஆதாரம் எவ்வளவு உறுதின்னு மட்டும்தான் சொல்லும். புகையிலை இருக்கறது முதல் பட்டியல்ல, அங்க சந்தேகமே கிடையாது. இந்த 2பி-ல கத்தாழையோட முழு இலைச் சாறும் இருக்கு.

அதே நாள்லயே இன்னொரு நிபுணர் குழு அளவைப் பத்திச் சொன்னாங்க, அதை யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல. உடம்பு எடைல கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரைக்கும் ஒரு நாளைக்குப் போகலாம். அப்பா 60 கிலோன்னு வச்சுக்குங்க, 2400 மில்லிகிராம் ஆச்சு. ஒரு கேன்ல 200லேர்ந்து 300 இருக்கும்னு வச்சாக்கூட, அந்த அளவைத் தொடவே தினமும் 8லேர்ந்து 12 கேன் குடிக்கணும். அவர் குடிக்கிறது ஒண்ணு. அதனால அந்தப் பயத்துல அவரைத் திட்டாதீங்க.

அதுக்காக இது நல்ல பானம்னு நான் சொல்ல மாட்டேன். சாதா கோலா 300 மில்லில 30 கிராமுக்கு மேல சர்க்கரை இருக்கு. அதைக் குடிச்சிட்டிருந்தவர் இதுக்கு மாறினார்னா, அது அவருக்கு லாபம். தண்ணியும் மோரும் குடிச்சிட்டிருந்தவர் "இதுல சுகர் இல்லையே"ன்னு புதுசா ஆரம்பிச்சார்னா, ஒரு பிரயோஜனமும் இல்ல. உடம்பு இளைக்கணும்னு இதை நம்பாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனமே 2023 மே மாசம் சொல்லிருச்சு. டயட் சோடா குடிக்கிறவங்களுக்கு சுகரும் இதய நோயும் அதிகமா இருக்குன்னு ஆய்வுகள் வருது, உண்மைதான். ஆனா ஏற்கெனவே எடை கூடினவங்க, டாக்டர் எச்சரிச்சவங்கதானே அதிகமா டயட் சோடாவுக்குப் போறாங்க? எது காரணம், எது விளைவுன்னு அந்த ஆய்வுகளை மட்டும் வச்சுப் பிரிக்க முடியல.

பல்லு விஷயத்துல எனக்கு சந்தேகமே இல்ல. சர்க்கரை இல்லன்னாலும் அதுல பாஸ்பாரிக் அமிலம் இருக்கு, எனாமலை அரிக்கும். கொஞ்சம் கொஞ்சமா மணிக்கணக்கா உறிஞ்சக் கூடாது, குடிச்ச உடனே பிரஷ்ஷும் பண்ணக் கூடாது, தண்ணியில வாய் கொப்புளிக்கச் சொல்லுங்க. காஃபினும் இருக்கு, தூக்கம் வரலன்னா சாயங்காலம் வேண்டாம். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊத்திக் கொடுக்காதீங்க. பீனைல்கீட்டோனூரியான்னு பிறவியிலயே வர்ற ஒரு குறைபாடு இருக்கறவங்க அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

நீங்க கேக்காத ஒண்ணு, அப்பா இன்சுலின் போடறதால சொல்றேன். திடீர்னு வேர்த்து, கை நடுங்கி லோ சுகர் ஆச்சுன்னா, பக்கத்துல இருக்குன்னு டயட் கோலாவைக் கொடுத்துராதீங்க. அதுல சுகரே இல்ல, ஏறாது. நினைவோட இருந்து, முழுங்க முடிஞ்சா, மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடுங்க, இல்ல குளுக்கோஸ் கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணிப் பாருங்க. மயங்கிட்டார்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, நேரா 108-க்குக் கூப்பிடுங்க. இதை வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்கம்மா.