கட்டியவரா, காத்தவரா? காத்தவர் அணிக்காகப் பேசியது

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பராமரிப்புக்காக உள்ளூர் ரயில்களை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கையும் தாண்டி மும்பை மாட்டுங்கா வரை வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு பழைய வீட்டின் பெருமை கட்டியவருக்கா, காத்தவருக்கா என்பது தலைப்பு. எதிரணி அக்கா, "கட்டியவர் இல்லையென்றால் காப்பதற்கு என்ன இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, அமெரிக்காவில் ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெபர்சன் கட்டிய மான்டிசெல்லோ வீட்டை உதாரணம் காட்டினார். கைதட்டலும் பலமாக வந்தது. சரி, நானும் அதே வீட்டை வைத்தே பேசுகிறேன்.

வர்ஜீனியாவில் ஒரு குன்றின் மேல் இருக்கும் அந்த வீட்டை ஜெபர்சன் 40 வருஷம் கட்டினார், இடித்தார், மறுபடி கட்டினார். ஐந்து சென்ட் நாணயத்தில் அந்த வீட்டின் படம் 1938இலேயே வந்துவிட்டது. 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. எல்லாம் உண்மை. ஆனால் அக்கா கதையை 1826 ஜூலை 4ஆம் தேதி, ஜெபர்சன் கண் மூடிய நாளோடு நிறுத்திவிட்டார். வீட்டுக்கு ஆபத்து ஆரம்பித்ததே அன்றைக்குத்தான்.

அவர் விட்டுப்போன கடன் 1,07,000 டாலருக்கு மேல். 1827 ஜனவரியில் வீட்டுச் சாமான்களோடு 130 அடிமைகளையும் ஏலத்துக்கு விளம்பரம் செய்தார்கள். கட்டியவர், கட்டியவர் என்கிறோமே, அந்த வீட்டு மரவேலையில் பேர் சொல்லும் வேலைகளைச் செய்த ஜான் ஹெம்மிங்ஸ் ஓர் அடிமை. கொல்லுப் பட்டறையில் நின்ற ஜோ பாசெட்டும் அடிமை. ஜோவுக்கு உயிலில் விடுதலை எழுதியிருந்தார் ஜெபர்சன், ஆனால் ஜோவின் மனைவியும் பிள்ளைகளும் ஏலத்தில் போனார்கள். அதில் பீட்டர் என்ற பையனுக்கு 11 வயது. கட்டியவர் என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்குவதற்கு முன்னால் இதையும் யோசிக்க வேண்டும் அக்கா.

1831இல் ஒரு மருந்துக் கடைக்காரர் கைக்கு வீடு போனது, அவருக்கும் நிலைக்கவில்லை. 1834இல் யூரையா லெவி என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, வீட்டையும் சுற்றியிருந்த 218 ஏக்கரையும் 2,700 டாலருக்கு வாங்கினார். இவர் யார்? பத்து வயதில் வீட்டை விட்டு ஓடி, கப்பலில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவர். 1812இல் தொடங்கிய போரில் ஆங்கிலேயரிடம் மாட்டி இங்கிலாந்தின் டார்ட்மூர் சிறையில் கிடந்தவர். யூதர் என்பதற்காகக் கூட இருந்த அதிகாரிகளிடமே வசவு வாங்கி, ஆறு தடவை கடற்படை விசாரணை மன்றத்தின் முன்னால் நின்றவர், இரண்டு தடவை வேலையை விட்டு எடுத்துப் பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மாலுமிகளைச் சவுக்கால் அடிக்கக் கூடாது என்று விடாமல் பேசியவர், 1850இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தத் தண்டனையை ஒழித்தது. எந்த மதத்துக்காரனும் மதத்தால் உரிமை இழக்கக் கூடாது என்று வர்ஜீனியாவில் சட்டம் எழுதியவர் ஜெபர்சன் என்பதால், அந்த நன்றி லெவிக்குக் கடைசிவரை இருந்தது. பாழாகிக்கொண்டிருந்த வீட்டைச் செப்பனிட்டார். தன் தாயார் ரேச்சலை அங்கே குடிவைத்தார், அந்த அம்மா 1839இல் இறந்தபோது அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார்.

லெவியும் அங்கே அடிமைகளை வைத்திருந்தார், அதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி, ஓட்டையை அடைத்து, மழையில் காத்தவர்கள் அவர்களும்தான். என் அணியின் 'காத்தவர்' என்ற சொல்லுக்குள் அவர்களும் வருகிறார்கள், கூலியே வாங்காமல் காத்தவர்கள்.

இப்போது நடுவர் அவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும், என் வாதமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. லெவி 1862இல் இறந்தார். வீட்டை அமெரிக்க மக்களுக்கு எழுதிவைத்தார், கடற்படைக்காரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கு அங்கே விவசாயப் பள்ளி நடத்த வேண்டும் என்று. உள்நாட்டுப் போர், அதில் பிரிந்துபோன தென்பகுதி அரசு எதிரி சொத்து என்று பறிமுதல் செய்தது, அப்புறம் வாரிசுகளின் வழக்கு என்று 17 வருஷம் ஓடிவிட்டது. அந்த 17 வருஷத்தில் வீட்டின் கதி என்ன தெரியுமா? பொறுப்பில் இருந்தவர் வரவேற்பறையில் தானியம் கொட்டிவைத்தார், குளிர்காலத்தில் அடித்தளத்தில் மாடு கட்டினார். கட்டியது அதே ஜெபர்சன்தானே? அவர் வரைந்த அதே குவிமாடம், அதே தூண்கள்தானே? அப்படியிருந்தும் அது ஏன் தானியக் குதிராகவும் மாட்டுத் தொழுவமாகவும் ஆனது? அந்தப் பதினேழு வருஷத்தில் இல்லாமல் போனது காக்கிற ஆள் மட்டும்தான். 1879இல் லெவியின் அண்ணன் தம்பி வழியில் வந்த ஜெபர்சன் மன்றோ லெவி மற்ற வாரிசுகளிடமிருந்து வாங்கிச் சரிசெய்த பிறகுதான் வீடு திரும்ப வீடானது.

அந்த வீட்டின் முன்கூடத்தில் ஒரு பெரிய கடிகாரம் இருக்கிறது. பீரங்கிக் குண்டுகளைக் கயிற்றில் எடையாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கும், குண்டு இறங்க இறங்கச் சுவரில் எழுதிய கிழமையைக் காட்டும். கூடத்தின் உயரம் போதாததால் தரையில் ஓட்டை போட்டு, சனிக்கிழமையைக் கீழே அடித்தளத்தில் எழுதிவைத்தார்கள். நல்ல மூளை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை மாட்டியது ஒரு தடவை. வாராவாரம் யாராவது ஏணி போட்டு ஏறிச் சாவி கொடுத்தால்தான் அது ஓடும்.

காசு இருந்தது, வாங்கினார், இதில் என்ன தியாகம் என்று எதிரணித் தம்பி கேட்டார். தம்பி, வாங்கிப்போடுவது ஒரு நாள் வேலை. நம் மும்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலா கோடாவில் வாட்சன் ஹோட்டலாக இருந்த எஸ்பிளனேட் மேன்ஷனுக்கு இரும்புச் சட்டங்களை இங்கிலாந்தில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் முதன்முதலாகச் சினிமா காட்டியது அங்கேதான், 1896 ஜூலை 7ஆம் தேதி. கட்டியவரின் பெயர் இன்னும் எல்லோருக்கும் தெரிகிறது. கட்டடமோ பாழடைந்து, 2019இல் ஆட்களைக் காலிசெய்யச் சொல்லும் நிலைக்கு வந்தது. இங்கே முன்பணம் கொடுத்துப் பழைய வாடகையில் இருக்கும் பகடி வீட்டுக்காரர்களும், வரிசை அறைகளாகக் கட்டிய சால் குடியிருப்பில் வளர்ந்தவர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மே மாதக் கடைசியில் மொட்டை மாடிக்கு ஏறி நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறவர் யார், பில்டரா? சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்குகிறவர் யார்? உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒன்று. நடுவில் போன அந்த 17 வருஷத்தையும் சேர்த்து இரண்டு லெவிகளும் 89 வருஷம் வைத்திருந்த வீட்டை 1923இல் ஓர் அறக்கட்டளை 5 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்குப் பிறகு பல காலம், அங்கே வருகிறவர்களிடம் லெவி என்ற பெயரையே சொல்வது அபூர்வம். 1985இல்தான் ரேச்சல் அம்மாவின் கல்லறையைச் சீர்செய்து பலகை வைத்தார்கள். ஜெபர்சனுக்கு நாணயம் இருக்கிறது, தலைநகரில் நினைவு மண்டபம் இருக்கிறது, அவர் புகழில் ஒரு சொட்டுகூட இந்த மேடையில் குறையப் போவதில்லை. அதனால் நடுவர் அவர்களே, இத்தனை வருஷம் பெயர் சொல்லாமல் விட்ட அந்தக் கடற்படைக்காரர் பக்கம் தீர்ப்பை எழுதுங்கள். மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.