முதல் ஃபெஷ்ஷுக்குப் போகும் பிள்ளைக்கு

வணக்கம். ஐரிஷ் நடன வகுப்புக்குப் போகும் பிள்ளையை முதல் தடவையாக 'ஃபெஷ்' என்னும் போட்டிக்கு அனுப்பப்போகிற பெற்றோரை நினைத்து இன்று பேச வந்திருக்கிறேன். டப்ளின், கார்க், லிமெரிக் என்று அயர்லாந்தில் குடியேறிய நம் குடும்பங்களில், பள்ளித் தோழிகளோடு சேர்ந்து இந்த நடனம் கற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருநாள் ஆசிரியர், "அடுத்த ஃபெஷ்ஷில் பெயர் கொடுத்துவிடலாமா?" என்று கேட்பார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பரபரப்பு. என்ன உடுப்பு, என்ன காலணி, சுருள் முடி வைக்க வேண்டுமா என்று கேள்விமேல் கேள்வி வரும். போட்டி நாட்களில் தன்னார்வலராக மேடையோரம் நின்று பிள்ளைகளை வரிசையில் அனுப்பும் வேலை செய்கிறேன். அங்கே கண்டதை வைத்துச் சொல்கிறேன்: முதல் போட்டிக்குத் தயாராக வேண்டியது பிள்ளையின் காது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஃபெஷ் என்பது இசையும் நடனமும் பாட்டும் கூடிய ஐரிஷ் போட்டி விழா. 1893இல் தொடங்கிய கேலிக் லீக் என்ற சங்கம், நலிந்துகொண்டிருந்த ஐரிஷ் மொழியையும் கலைகளையும் மீட்டெடுக்க இந்த விழாக்களை ஊர் ஊராக நடத்தியது. பிறகு நடனத்துக்கென்றே ஓர் ஆணையத்தை அமைத்தது. 'கோமிஷூன்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அமைப்பின் விதிகள்தான் இன்றும் பல நாடுகளில் நடக்கும் போட்டிகளுக்கு அடிப்படை. வேறு சில அமைப்புகளும் தனித்தனியே போட்டி நடத்துகின்றன. உங்கள் நடனப் பள்ளி எதில் சேர்ந்தது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1994இல் டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ஏழு நிமிடம் ஆடப்பட்ட 'ரிவர்டான்ஸ்' இந்த நடனத்தை உலகம் முழுவதும் கொண்டுபோனது. அதில் முன்னணியில் ஆடிய மைக்கேல் ஃபிளாட்லியும் ஜீன் பட்லரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். இருவருமே போட்டி மேடைகளில் ஆடி வளர்ந்தவர்கள்.

இப்போது காது விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் பெரும்பாலும் ஒரே பதிவு, ஒரே மெட்டு. பிள்ளை அந்த மெட்டுக்கே பழகிவிடும். மேடையிலோ அக்கார்டியனும் கீபோர்டும் வைத்துக்கொண்டு இசைக்கலைஞர்கள் நேரில் வாசிப்பார்கள். எந்த மெட்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. தொடக்கத்தில் எட்டு 'பார்', அதாவது எட்டுத் தாள அளவு, வெறும் இசை. ரீல் என்ற நடன வகையில் அது எட்டு, ஒன்பது வினாடிதான். அதற்குள் கால் விரலை நீட்டி நிற்க வேண்டும். எட்டு முடிந்து அடுத்த அடி விழும் அதே நொடியில் ஆட்டம் தொடங்க வேண்டும். மேடையோரம் நிற்கும்போது இந்த இடத்தில்தான் பல பிள்ளைகள் தடுமாறக் காண்கிறேன். அடவு தெரியாமல் இல்லை. எங்கே நுழைவது என்று காதுக்குத் தெரியவில்லை.

இதற்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கலாம். ஆடச் சொல்ல வேண்டாம். சோபாவில் உட்காரவைத்து, இதுவரை கேட்காத ரீல் ஒன்றை ஒலிக்கவிடுங்கள். எட்டு முடிந்து ஆட்டம் தொடங்கும் இடத்தில் கை தட்டச் சொல்லுங்கள். அடுத்து இன்னொரு மெட்டு, அதைவிட வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று. தினமும் ஐந்து நிமிடம் போதும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ரீலுக்குத் தகதிமி தகதிமி என்று சொல்லிப் பாருங்கள், பொருந்தும். லைட் ஜிக் என்ற இன்னொரு நடன வகைக்குத் தகிட தகிட. ஸ்லிப் ஜிக் என்ற வகைக்குத் தகிட தகிட தகிட, அதாவது ஒன்பது. வாயால் சொல்லிவிட்டால் கால் தானாக இடம் கண்டுபிடிக்கும். மூன்றையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு "இது எது?" என்று கேட்டால் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள்.

தாளம் தப்பினால் மற்ற அழகுகள் அத்தனையும் வீண் என்பது இந்தப் போட்டிகளில் எழுதாத சட்டம். நடுவர் முதலில் கவனிப்பது அதைத்தான். அதற்கடுத்துத்தான் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா, முழங்கால்கள் ஒன்றையொன்று கடந்து நிற்கின்றனவா, குதிகால் உயர்ந்திருக்கிறதா, விரல் நீண்டிருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் கை. தோள் தளர்ந்து, கைகள் உடலோடு ஒட்டி, கீழ்நோக்கி அசையாமல் இருக்க வேண்டும். ஏன் இப்படி என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எதற்கும் உறுதியான சான்று கிடையாது. பரதநாட்டியமும் சேர்த்துக் கற்கும் பிள்ளைக்குப் பாதம் திருப்புவது சுலபமாக வரும். கையைச் சும்மா வைத்திருப்பதுதான் பெரும்பாடு. அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஒரு நடனத்தில் கையாலேயே எல்லாம் பேசப் பழகிய உடம்பு, இன்னொரு நடனத்தில் மௌனம் பழக நேரம் எடுக்கத்தான் செய்யும்.

மேடையைப் பற்றி இன்னொன்று. தொடக்க நிலையில் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு பள்ளி. இசை ஒன்று, அடவு வேறு. பக்கத்துப் பிள்ளை இடப்பக்கம் பாயும்போது நம் பிள்ளை வலப்பக்கம் போக வேண்டியிருக்கும். வகுப்பில் எல்லோரும் ஒரே மாதிரி ஆடிப் பழகியவர்களுக்கு இது திகைப்பாக இருக்கும். கண் பக்கத்தில் போனால் கால் குழம்பிவிடும். வீட்டில் அண்ணனையோ அப்பாவையோ பக்கத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்கவிட்டு ஆடச் சொல்லுங்கள். இடிக்க வந்தால் சற்று ஒதுங்கி ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அடவு மறந்துபோனாலும் நின்றுவிடாமல் தாளத்தில் துள்ளிக்கொண்டே இருந்து, அடுத்த எட்டில் சேர்ந்துகொள்ளலாம். இதை யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் பிள்ளைக்குத் தெரியும்.

நடுவர் எதிரே மேசையில் உட்கார்ந்து குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். சிரிக்கமாட்டார், தலையாட்டமாட்டார். சின்னப் பிள்ளைகள் அதைக் கோபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எழுதுவது அவர் வேலை என்று முன்பே விளக்கிவிடுங்கள். முடிந்ததும் ஓடிவந்துவிடக் கூடாது. நடுவருக்கு ஒரு வணக்கம், இசைக்கலைஞர்களுக்கு ஒரு வணக்கம், அப்புறம்தான் இறங்க வேண்டும். மேடையில் நுழைந்து நிற்பதிலிருந்து இறங்குவது வரை முழுவதையும் வீட்டில் ஒத்திகை பாருங்கள். ஆட்டம் ஒரு நிமிடம்கூட இருக்காது. அதைச் சுற்றி இருப்பவைதான் பிள்ளைக்குப் புதுசு.

காலணிக்கு வருவோம். தொடக்கத்தில் மென்காலணி போதும். பெண் பிள்ளைகளுக்கு நாடா கட்டும் கறுப்புத் தோல் காலணி, பையன்களுக்குக் குதியுள்ள ரீல் காலணி. தட்டி ஒலியெழுப்பும் கனமான காலணி பிறகு வரும். அடுத்த வருடமும் ஆகட்டும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கும் பழக்கம் இங்கே உதவாது. தோல் ஆட ஆட நெகிழும். தொடக்கத்திலேயே பாதத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நீட்டிய விரலின் வடிவம் நடுவருக்குத் தெரியாது. போட்டிக்குச் சில வாரம் முன்பே வாங்கிப் பழக்குங்கள். மேடை வழுக்கினால் ஈரத்துணியில் அடியை மிதித்துவிட்டு ஏறலாம். வெள்ளைக் காலுறை சரியாமல் நிற்க அதற்கென்றே ஒரு பசை விற்கிறார்கள், அதை வாங்கிவிடுங்கள்.

உடுப்புக்குக் காசைக் கொட்டாதீர்கள். பளபளக்கும் தனி உடை ஒன்று ஆயிரம் யூரோவைத் தாண்டும். அது மேல்நிலை ஆட்டக்காரர்களுக்கு. தொடக்க நிலையில் பள்ளியின் சீருடையோ எளிய பாவாடையும் மேல்சட்டையுமோதான் பொருத்தம். பல இடங்களில் அலங்கார உடைக்கு அனுமதியே இல்லை. சுருள் டோப்பாவும் தேவையில்லை, முடியை இறுக்கிக் கட்டினால் சரி. சிறு பிள்ளைகள் ஒப்பனை செய்துகொள்வதற்கு ஆணையத்தின் விதியில் தடை உண்டு. அந்தத் தடை எனக்கு மிகவும் பிடித்தது. ஏழு வயதுப் பிள்ளை ஏழு வயதுப் பிள்ளையாகவே மேடையில் நிற்க வேண்டும்.

அந்த நாளுக்கான சில விவரங்கள். வயதுப் பிரிவை அந்த ஆண்டின் ஜனவரி 1ஆம் தேதி வயதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். பதிவு முன்கூட்டியே முடிந்துவிடும். போனதும் எண் அட்டை வாங்கி, உங்கள் பிரிவு எந்த மேடையில் என்று பாருங்கள். ஒரே மண்டபத்தில் பல மேடைகள் ஓடும், நேரம் முன்பின் ஆகும். அட்டையோடு மேடையோரப் பொறுப்பாளரிடம் போய்ப் பெயரைச் சொல்லிவிடுங்கள். குளிருக்கு மேலே போட ஒரு ஜாக்கெட்டும், பிள்ளைக்குப் பழகிய சாப்பாடும், தண்ணீரும் கையோடு இருக்கட்டும். போட்டி நடக்கும்போது படமோ வீடியோவோ எடுக்கக் கூடாது. ஊரில் இருக்கும் பாட்டி தாத்தாவுக்கு அனுப்ப ஆசையாகத்தான் இருக்கும். வீட்டு ஒத்திகையை எடுத்து அனுப்புங்கள்.

முடிவை மண்டபச் சுவரில் ஒட்டுவார்கள், இப்போது பல இடங்களில் இணையத்திலும் போடுகிறார்கள். தொடக்க நிலையில் பெரும்பாலும் ஒரே நடுவர்தான். அவர் ஒருவரின் அன்றைய கண் அது. ஒரு நடனத்தில் முன்னிடம் கிடைத்தால் அந்த நடனத்தில் மட்டும் மேல் படிக்குப் போவதும், மற்றவற்றில் அதே படியில் நீடிப்பதும் வழக்கம். அதனால் ரீலில் ஒரு படியும் ஸ்லிப் ஜிக்கில் இன்னொரு படியுமாக இருப்பது சாதாரணம். பதக்கம் வந்தாலும் வராவிட்டாலும், நடுவரின் குறிப்புத்தாள் கிடைத்தால் அதைக் கசக்கிவிடாதீர்கள். "நேரம்", "இடது பாதம்" என்று ஒன்றிரண்டு சொற்கள்தான் இருக்கும். அடுத்த வகுப்பில் அதை ஆசிரியரிடம் கொடுங்கள். "நேரம்" என்று எழுதியிருந்தால் மறுபடியும் சோபா, மறுபடியும் தகதிமி.

கேட்டதற்கு நன்றி. வணக்கம்.