வான்கோழி வேட்டைக்கு எந்த சோக்?

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள் சேவலின் உடம்பைக் குறிவைப்பதில்லை. இறகும் நெஞ்சுத் தசையும் ரவையை, அதாவது தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளை, வாங்கிக்கொள்ளும். அடிபட்ட பறவை புதருக்குள் ஓடிக் கிடந்து சாகும். குறி தலையும் கழுத்தும்தான். அந்தச் சிறிய இடத்தில் ரவை நெருக்கமாக விழுவதற்காகத்தான் துப்பாக்கிக் குழல் வாயில் சோக் என்ற குட்டைக் குழாயைத் திருகுகிறார்கள்.

12 கேஜ் என்ற அளவுள்ள குழலின் உள்விட்டம் பொதுவாக 0.729 அங்குலம். ஃபுல் சோக் அதை ஏறக்குறைய 0.695 ஆகக் குறுக்கும். வான்கோழிக்கென்றே விற்பவை 0.670 முதல் 0.640 வரை போகும். இருப்பதிலேயே சின்னதை வாங்கினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஈயம் மென்மையானது, அளவுக்கு மீறி நெருக்கினால் ரவைகள் நசுங்கி ஆளுக்கொரு பக்கம் ஓடும், நடுவில் ஓட்டை விழும். 4, 5, 6 எண் ஈய ரவைக்கு (எண் கூடக் கூட ரவை பொடியாகும்) 0.665 அல்லது 0.660-இல் தொடங்குங்கள். டங்ஸ்டன் ரவை ஈயத்தைவிடக் கனமானது, கடினமானது. 9 எண் பொடி ரவையே போதும், மிக இறுக்கமான குழாய் பெரும்பாலும் வேண்டாம். எஃகு ரவையை மட்டும் இவற்றில் போடாதீர்கள், குழல் வாய் புடைத்துவிடும்.

வாங்குமுன் மரையைப் பாருங்கள். 12 கேஜ் என்று சொன்னால் மட்டும் போதாது: மாஸ்பர்க் 500-இன் குழாய் அதே கம்பெனியின் 835-இல் ஏறாது.

சரி, எது பொருந்தும் என்பதைக் காகிதத்தில்தான் பார்க்க முடியும். 3 அடிக்கு 3 அடித் தாள், நடுவில் ஒரு புள்ளி, 40 கெஜ தூரம். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு போட்டு, துப்பாக்கியை மேசையில் தாங்கவைத்து, வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவால் சுடுங்கள். ரவை நெருக்கமாக விழுந்த இடத்தைச் சுற்றி 10 அங்குல விட்டத்தில் வட்டம் போட்டு எண்ணுங்கள். 100 இருந்தால் போதும் என்பது வேட்டைக்காரர்களின் கணக்கு. ஒரே தாளை நம்பாமல் மூன்று தாள் பாருங்கள். கூட்டமே புள்ளியை விட்டு நாலு அங்குலம் மேலே விழுந்திருந்தால் சோக்கை மாற்றிப் பயனில்லை, குறிநோக்கியைத்தான் திருத்த வேண்டும். 3 அங்குலத் தோட்டா தோளை நன்றாகவே உதைக்கும்; குறி திருத்தும் வேலையை 25 கெஜத்தில், லேசான தோட்டாவால் முதலில் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சுட்டுக்கொண்டே இருந்தால் சோக் குழாய் தளரும். தோட்டாவை வெளியே எடுத்து, தோட்டா அறை காலி என்று கண்ணால் பார்த்த பிறகே கையால் இறுக்குங்கள். மரையில் கிரீஸ் கொஞ்சம் தடவினால் துரு பிடித்து ஒட்டாது. குழாய் முழுக்க உட்காராமல் சுட்டால் ரவை அதன் விளிம்பில் மோதி, குழாயோடு குழல் வாயும் கெடும்.

இன்னொன்று: இறுக்கமான சோக்கில் 10 கெஜத்தில் ரவைக் கூட்டம் கைமுட்டி அளவுதான் இருக்கும், சேவல் தலையை ஆட்டினால் குறி தவறும். அடர்ந்த காட்டில் 20 கெஜத்துக்குள் சுடுகிறவர்களுக்குத் துப்பாக்கியோடு வந்த ஃபுல் சோக்கே போதும். தோட்டாவின் பிராண்டை மாற்றினால் மறுபடி தாளை மாட்டுங்கள்.