முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். டெல்லியில் அலுவலக வேலையில் இருந்த காலத்தில், மழை மாதங்கள் நீங்கலாக மார்ச் முதல் அக்டோபர் வரை, வாய்ப்புக் கிடைத்த வெள்ளிக்கிழமை இரவுகளிலெல்லாம் காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தில் மணாலிப் பேருந்துக்காகக் காத்து நின்றவன் நான். மற்றவர்கள் பனி பார்க்கவும் தேனிலவுக்கும் போவார்கள்; நான் பழைய வேட்டித் துணியில் சுற்றிய தூண்டில் கோலோடு டிரவுட் மீனைத் தேடிப் போவேன். விடியற்காலையில் இமாசலத்தில் ஔட் என்னும் இடத்தில், மலையைக் குடைந்த நீண்ட சுரங்கப் பாதைக்குச் சற்று முன்னால் இறங்கி, பஞ்ஜார் வழியாகத் தீர்த்தன் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தால், திங்கட்கிழமை அலுவலகம் திரும்புவதற்குள் எனக்கு ஒரு மாலையும் ஒரு காலையும் கையில் இருக்கும். இவ்வளவு குறுகிய நேரத்தில் நல்ல மீன்பிடி இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றித்தான் பேச அழைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடுநடுவே மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விடுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அங்கே மீன் உண்டா என்று கேட்காதீர்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள். அறை பிறகு கிடைக்கும்.

டிரவுட் நம் நாட்டு மீன் இல்லை. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவைச் சேர்ந்தது. பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும் வானவில் டிரவுட், பசிபிக் கடலோர வட அமெரிக்காவைச் சேர்ந்தது. ஆங்கிலேயர்கள் தங்கள் பொழுதுபோக்கைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 1899இல் காஷ்மீருக்கு வந்த முட்டைகள் வழியிலேயே வீணாகி, அடுத்த ஆண்டு வந்தவைதான் பிழைத்தன. அங்கிருந்து 1909இல் குல்லுப் பகுதிக்கு வந்து, பியாஸ் ஆற்றின் கிளைகளில் இந்த மீன் பரவியது. நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் போனவர்களுக்கு, அங்கே டிரவுட் குஞ்சு பொரிப்பகம் ஒன்று இருப்பது தெரிந்திருக்கும். அதுவும் அதே காலத்துக் கதைதான். வடக்கே சிலர் 'ஸ்னோ டிரவுட்' என்று ஒரு மீனைக் காட்டுவார்கள். அது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த மலைநாட்டு மீன், பெயரில்தான் டிரவுட்.

குளிர்ந்த நீர் என்றால் இந்த மீனுக்கு ஏன் அவ்வளவு உயிர்? அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்கு வெகுநேரம் முன்பே பாத்திரத்தின் உட்பக்கத்தில் சிறு சிறு குமிழ்கள் ஒட்டியிருப்பதை நீங்கள் சமையலறையில் பார்த்திருப்பீர்கள். சூடேறச் சூடேறத் தண்ணீரால் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ள முடிவதில்லை. கடல் மட்டக் கணக்கில், 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 25 டிகிரியில் அது 8 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். நம் ஊர்க் கெண்டைக்கும் விராலுக்கும் அது போதும். டிரவுட்டுக்கு மூச்சு முட்டும். ஆகவே என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறு வெப்பமானி இருக்கும். தண்ணீர் 10 முதல் 16 டிகிரிக்குள் இருந்தால் மீன் சுறுசுறுப்பாக இரை தேடும். 20ஐத் தாண்டினால் கோலைச் சுருட்டி வைத்துவிடுவேன், ஏனென்றால் அந்த வெப்பத்தில் பிடித்த மீனைத் திரும்ப விட்டாலும் அது பிழைக்காமல் போகக்கூடும்.

தீர்த்தன் பள்ளத்தாக்கை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்கும் இதுவே காரணம். 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இமாலயப் பெருந்தேசியப் பூங்காவின் காடுகளிலிருந்து இறங்கிவரும் ஆறு அது. மற்ற பள்ளத்தாக்குகளில் நீர்மின் திட்டங்கள் ஆற்றைத் திருப்பிச் சுரங்கத்துக்குள் விட்டுவிட, படுகையில் முழங்கால் நனையாத தண்ணீர் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். தீர்த்தனில் அப்படி நேரக்கூடாது என்று அங்குள்ள மக்கள் வழக்காடியும் போராடியும் தடுத்திருக்கிறார்கள். லார்ஜி அருகே பியாஸைச் சேரும் வரை அந்த ஆறு தன் போக்கில் ஓடுகிறது.

இனி என் முதல் பயணத்தைச் சொல்கிறேன். 'ஆற்றைப் பார்த்த அறை, வாசலிலேயே டிரவுட்' என்று தொலைபேசியில் உறுதி சொன்ன ஒரு விடுதியில் முன்பணம் கட்டினேன். போய்ப் பார்த்தால், அறையிலிருந்து ஆறு தெரிந்தது உண்மைதான். ஆனால் அது கீழே, வெள்ளிக் கம்பி போலத் தெரிந்தது. கண்ணுக்கு எட்டியது காலுக்கு எட்டவில்லை. இறங்க அரை மணி, ஏற ஒரு மணிக்கு மேல். வாசலில் இருந்த டிரவுட், சிமெண்டுத் தொட்டியில் தீனி போட்டு வளர்த்து, எடைபோட்டுப் பொரித்துத் தருகிற டிரவுட். சுவைக்குக் குறைவில்லை, ஆனால் நான் அதற்காக ஓர் இரவு முழுதும் கண்விழித்து வரவில்லை.

அன்று மாலை கீழே இறங்கி, ஆற்றிலேயே உயரமான பாறையாகப் பார்த்து ஏறி நின்று, மிக அதிகமாக இரைந்து பாய்கிற இடத்தில் இரண்டு மணி நேரம் வீசினேன். பளபளக்கும் தகட்டு இரை, அம்மா பின்னிக் கொடுத்த சிவப்பு ஸ்வெட்டர், முதுகில் மாலை வெயில். குல்லுத் தொப்பி அணிந்த ஒரு பெரியவர் கரையில் உட்கார்ந்து பீடி புகைத்தபடி வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாபுஜி, மீனுக்கெல்லாம் வணக்கம் சொல்லி முடித்துவிட்டீர்களா?" என்று இந்தியில் கேட்டார். எனக்குப் புரியவில்லை. என் நிழலைக் காட்டினார். அது ஆற்றின் குறுக்கே எதிர்க்கரை வரை நீண்டு கிடந்தது.

என்னை இறங்கச் சொல்லி, கரையோரம் கணுக்கால் ஆழத்தில் கிடந்த ஒரு கல்லைப் புரட்டி என் கையில் வைத்தார். கல்லின் அடிப்பக்கம் முழுவதும் நெல்லுமணி அளவில் சிறு குழல்கள் ஒட்டியிருந்தன. மணல் துகள்களைத் தன் எச்சில் இழையால் ஒன்றோடொன்று ஒட்டி, அதற்குள் குடியிருக்கும் ஒரு பூச்சியின் புழு. பெரியவர் ஒரு குழலை நகத்தால் மெல்லக் கீறினார். வெளிறிய பச்சைநிறப் புழு கருத்த தலையை நீட்டியது. "இதுதான் மீனின் ரேஷன் கடை" என்றார். "கல்லைப் புரட்டிப் பாருங்கள். கடை காலியாக இருந்தால் அங்கே மீன் ஏன் வரிசையில் நிற்கப்போகிறது?"

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவருக்கு வாழ்நாள் முழுதும் கடன்பட்டவன். அதன்பிறகு எந்த ஆற்றுக்குப் போனாலும் முதல் வேலையாகக் கல்லைத்தான் புரட்டுகிறேன். சுத்தமான, குளிர்ந்த, ஓடும் நீரில்தான் இந்தப் புழுக்கள் பெருகும் என்பதால், வெப்பமானி சொல்வதை அந்தக் கல்லும் சொல்லிவிடும்.

பிறகு அவர், எருமை படுத்திருப்பது போன்ற ஒரு பாறையைக் காட்டினார். பாறையின் இருபுறமும் தண்ணீர் நுரைத்து ஓட, பின்னால் ஒரு பாய் விரிக்கும் இடம் மட்டும் எண்ணெய் வார்த்தது போல அமைதியாக இருந்தது. வேகமான நீரில் நாள் முழுதும் நீந்திக்கொண்டிருக்க எந்த மீனாலும் முடியாது. பேருந்து நிற்கும் இடத்தில் நிழலில் ஒதுங்கி நிற்பவரைப் போல, மீன் அந்த அமைதியில் நின்றுகொண்டு, பக்கத்து ஓட்டம் அடித்துவரும் இரையை எட்டிப் பிடித்துவிட்டுத் திரும்பிவிடும். அது எப்போதும் நீர் வரும் திசையை நோக்கியே நிற்கும். ஆகவே நாம் நீர் ஓடிப்போகும் பக்கத்திலிருந்து, குனிந்து, அதன் பின்புறமாகப் போக வேண்டும். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, பாறைக்கு அப்பால் நீர் வரும் பக்கத்தில் வீசி, இரையைத் தண்ணீரின் போக்கிலேயே விட்டேன். மூன்றாம் வீச்சில் தூண்டில் நரம்பு இழுத்துப் பிடித்தது. ஒரு சாண் நீளம்கூட இல்லாத பழுப்பு டிரவுட். விலாவில் வெளிறிய வளையத்துக்குள் குங்குமப் பொட்டு வைத்தது போலச் சிவப்புப் புள்ளிகள். சிறியது என்று பெரியவர் அதைத் திரும்ப விடச் சொன்னார், விட்டேன்.

மறுநாள் விடியலில் அவரே என்னைக் குஷைனிக்கு அழைத்துப் போனார். அங்கே பலாச்சன் என்னும் சிற்றாறு தீர்த்தனோடு கலக்கிறது. இரண்டு ஓட்டங்கள் தொட்டுக்கொள்ளும் கோட்டில் இரை வந்து சேர்கிறது. ஒன்றில் மழையால் கலங்கல் வந்தாலும் மற்றது தெளிந்திருக்கக்கூடும். அடுத்த பயணத்திலிருந்து அந்தப் பக்கத்தில், ஆற்றுக்குப் பத்து நிமிட நடையில், ஒரு வீட்டு மாடி அறையில்தான் தங்கினேன். அங்கே சுடுநீருக்கு வாளி தூக்க வேண்டும், காட்சி என்று சொல்ல எதிர்வீட்டு ஆப்பிள் மரம்தான். ஆனால் ஐந்து மணிக்குத் தூண்டிலோடு தண்ணீரில் நிற்கலாம். அதனால்தான் சொல்கிறேன், முதலில் தண்ணீர், பிறகு அறை.

கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் இரண்டு விரல்களைக் காட்டுகிறார். மீனை ஏமாற்றக் கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டும் கலையைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அதற்கு இனி நேரமில்லை. கட்டாயமாகச் சொல்ல வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். மே, ஜூனில் பனி உருகி ஆறு பெருகும், ஜூலை, ஆகஸ்டில் மழையால் கலங்கும். எனவே மார்ச், ஏப்ரலும், செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் வரையும் ஏற்ற காலம். இமாசலத்தில் மீன்வளத் துறையின் உரிமச் சீட்டு இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. விடுதிக்காரர் 'யாரும் கேட்க மாட்டார்கள்' என்று சொன்னால் நம்பாதீர்கள். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். வறண்ட கை அதன் மேல்பூச்சை உரித்துவிடும். கொக்கி முனையில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் எளிதாகக் கழற்றலாம். நவம்பர் முதல் நாளிலிருந்து பிப்ரவரி முடியும் வரை டிரவுட் பிடிக்கத் தடை உண்டு. அப்போது பெண்மீன் வாலால் சரளைக் கற்களைத் தோண்டி முட்டையிட்டுக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் போகிறவர்கள் ஆற்றில் இறங்கிச் சரளையை மிதிக்காமல், கரையில் நின்றே பாருங்கள். நன்றி, வணக்கம்.