ஒரு கை சோப்புத்தூள்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூர் ஈஜிபுராவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். என் அக்காவைக் கொடுத்திருப்பது ஓசூருக்குப் பக்கத்தில், கெலவரப்பள்ளி அணைப் பாசனத்தில். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழைக்கு நடுவே அங்கே போயிருந்தேன். தென்பெண்ணை ஆற்றைக் கடக்கும் தரைப்பாலத்தையே காணவில்லை. ஆளுயரத்துக்கு வெள்ளை நுரை. காற்று வீசியதும் ஒரு கட்டி பிய்ந்து பறந்து வந்து அக்காவின் கொத்தமல்லிப் பாத்தியில் உட்கார்ந்தது. அதன் ஓரமெல்லாம் பழுப்பு. சாக்கடை நாற்றத்தோடு சோப்பு வாசனையும் கலந்து வந்தது. மாமா அதைக் குச்சியால் தள்ளிவிட்டு, "உங்கள் ஊரிலிருந்துதான் வருகிறதம்மா" என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னார்.

பெங்களூரில் நாம் குடிக்கும் காவிரித் தண்ணீர் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருகிறது. வருகிற தண்ணீரின் அருமை நமக்குத் தெரியும். 2024 கோடையில் குடங்களை வரிசையில் வைத்து லாரிக்குக் காத்திருந்தவர்கள்தானே நாம். போகிற தண்ணீரைத்தான் யாரும் நினைப்பதில்லை. பெங்களூர் மேட்டில் இருக்கும் ஊர். மேற்குப் பக்கத்துக் கழிவுநீர் விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கே போகிறது. எங்கள் பக்கத்துத் தண்ணீர் ராஜகால்வாய் என்னும் பெரிய மழைநீர் வடிகாலில் விழுந்து பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி என்று கடந்து தென்பெண்ணையாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. எந்தப் பக்கம் கொட்டினாலும் அது நம் சொந்தபந்தங்களின் வயலுக்குத்தான் போய்ச் சேர்கிறது.

தொழிற்சாலைகள்தான் காரணம் என்று நானும் பலகாலம் பேசியிருக்கிறேன். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெல்லந்தூருக்குள் வந்து விழுவதில் பெரும்பகுதி நம் வீட்டுக் கழிவுநீர். சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும் எல்லாக் கழிவுநீரும் அவற்றுக்குப் போவதில்லை. சோப்புத்தூளில் அழுக்கை எடுக்கும் ரசாயனம் ஏரியின் சேற்றில் தங்கிவிடுகிறது. பெருமழை அந்தச் சேற்றைக் கலக்கும்போது நுரை பொங்குகிறது. 2018 ஜனவரியில் அதே ஏரிக்கரை தீப்பற்றி எரிந்தது. ராணுவ வீரர்கள் வந்து அணைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், ஏரி மாசுபட்டதற்காகக் கர்நாடக அரசை 50 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. அரசு செய்யவேண்டியதை அரசிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தூள் டப்பா என் கையில் இருக்கிறதே.

ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் துணி துவைக்க உட்கார்ந்தேன். வழக்கம்போல் கை டப்பாவுக்குள் போய் ஒரு பிடி அள்ளியது. அள்ளியதைப் பார்த்தேன், நான்கு சேலைக்கு அவ்வளவு எதற்கு? ஒரு கரண்டி எடுத்து அளந்து போட்டேன். துணி வெளுக்கத்தான் செய்தது. பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றுவதையும் அன்றோடு விட்டேன்.

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டுப் பெண், "என்ன அக்கா, இப்போதெல்லாம் உங்கள் பக்கெட்டில் நுரையே இல்லை?" என்று கேட்டாள். பாலம் மறைந்திருந்ததையும் கொத்தமல்லிப் பாத்தியையும் சொன்னேன். "கெலவரப்பள்ளியைத் தாண்டி அந்த ஆறு எங்கே போகிறது?" என்றாள்.

"கிருஷ்ணகிரி அணை, அப்புறம் காவேரிப்பட்டினம்."

பிழிந்துகொண்டிருந்த துணியை அப்படியே பிடித்தபடி நின்றாள். "எங்கள் அம்மா வீடு காவேரிப்பட்டினம், அக்கா."

மறுநாள் அவளுடைய தூள் டப்பாவிலும் ஒரு கரண்டி இருந்தது.