கண்டக்டரும் குட்டி விமானமும்

நேயர்களுக்கு வணக்கம். நான் பல வருடங்களாக ரிமோட் விமானங்களோடு மல்லுக்கட்டுகிறவன். வீட்டில் இதற்குப் பெயர் பொம்மை விளையாட்டு. சரி, இருக்கட்டும். இன்று அதில் ஒரே ஒரு பாகத்தைப் பற்றிப் பேசுகிறேன்: ஜைரோ.

நெரிசலான டவுன் பஸ்ஸில் கண்டக்டரைப் பார்த்திருப்பீர்கள். கம்பியைப் பிடிக்க மாட்டார், கண் டிக்கெட் கட்டிலேயே இருக்கும். பஸ் உலுக்கினால் உடம்பு தானாக எதிர்ப்பக்கம் ஈடுகொடுக்கும். ஜைரோவும் அப்படித்தான். காற்று இறக்கையைத் தள்ளிய கணமே எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று உணர்ந்து, சர்வோவை, அதாவது இறக்கை மடலை அசைக்கும் குட்டி மோட்டாரை, எதிர்த்திசையில் அசைக்கும். சாய்வது நின்றதும் அதன் வேலை முடிந்தது. சாய்ந்தபடியே போகும் விமானத்தை நிமிர்த்துவது நம் பாடு. தானே நிமிர்த்தும் ரகமும் உண்டு, அதில் கீழ்ப்பக்கம் எது என்று உணரும் ஆக்ஸிலரோமீட்டரும் சேர்ந்திருக்கும்.

ஜைரோவின் பழைய கதை ஒன்று. 1914 ஜூன் மாதம், பாரீஸுக்குப் பக்கத்தில், சேன் நதிமேல் விமானப் பாதுகாப்புப் போட்டி. லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற 21 வயது அமெரிக்க இளைஞர் பறக்கும் படகொன்றில், அதாவது தண்ணீரில் இறங்கும் விமானத்தில், வருகிறார். கரையில் கூட்டம். முதல் சுற்றில் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். அடுத்த சுற்றில் மெக்கானிக் வலது இறக்கையில் ஏறி நடந்தார், விமானம் சாயவில்லை. அதோடு விட்டாரா? மூன்றாவது சுற்றில் மெக்கானிக் ஒரு இறக்கையில், ஸ்பெர்ரி மறு இறக்கையில், விமானி இருக்கை காலி! பிடித்து நின்றவை சுழலும் ஜைரோக்கள், நம் பம்பரத்தின் பெரியண்ணன்கள். இன்று அந்த வேலையைச் செய்வது அதிரும் சிலிக்கான் துணுக்கு. உங்கள் செல்போனிலும் அது இருக்கிறது.

இனி என் மானம் போன கதை. ஒருநாள் ஜைரோ திருத்தும் திசையை மாற்றும் குட்டிச் சுவிட்ச் தவறான பக்கம் இருந்ததைக் கவனிக்காமல் விமானத்தை வீசினேன். லேசான காற்றில் அது வலப்பக்கம் சாய்ந்தது. ஜைரோ இன்னும் வலப்பக்கமே தள்ளியது! நான் ரிமோட்டின் குச்சியைத் திருப்புவதற்குள் தெர்மோகோல் இறக்கை பக்கத்து வயலில் இரண்டு துண்டாகக் கிடந்தது. ஜைரோவைக் குறை சொல்ல முடியாது, சொன்னதைத்தான் செய்தது.

அதனால் பறக்குமுன் கையில் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். வலது இறக்கையைச் சட்டென்று தாழ்த்தினால் அந்தப் பக்கத்து எய்லரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல், கீழே இறங்க வேண்டும். மேலே போனால் பறக்க விடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: ஒவ்வொரு தடவையும், கையில் பிடித்து, சாய்த்து.

கெயின், அதாவது ஜைரோ எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்ற அளவு, அதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சுருக்கமாக: வேகத்தில் இறக்கை படபடவென்று நடுங்கினால் ஜைரோ அளவுக்கு மீறித் திருத்துகிறது, கெயினைக் குறையுங்கள். அப்புறம், பேட்டரி மாட்டியதும் சில வினாடி விமானத்தை அசைக்காமல் வையுங்கள். அசையாத நிலை எது என்று ஜைரோ அப்போதுதான் கற்றுக்கொள்கிறது. தரையிறக்கத்தை இன்னொரு நாள் பார்க்கலாம். வணக்கம்.